பத்து வருஷமாக என்னோடு இருக்கும் 'ஃபாதரிங்கே'

இந்த ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்துப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. முதல் ஆறேழு மாதம் இதைத் தப்பாகத்தான் கேட்டேன். இங்கிலாந்துப் பாடகி சாண்டி டென்னியின் குரலுக்காக வாங்கியது என்பதால் அவர் பாடும் பாட்டுகளை மட்டும் கேட்பேன். இன்னொரு பாடகரான ட்ரெவர் லூகஸ் வாய் திறந்தாலே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன்.

1969 கடைசியில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற பிரிட்டிஷ் ஃபோக்-ராக் குழுவிலிருந்து விலகிய சாண்டி, 1970-இல் தொடங்கிய குழுவின் பெயர்தான் ஃபாதரிங்கே; ஆல்பத்துக்கும் அதே பெயர். ஆஸ்திரேலியரான லூகஸ், அமெரிக்க கிதார் கலைஞர் ஜெர்ரி டோனஹ்யூ, பேஸில் பேட் டொனால்ட்சன், டிரம்ஸில் ஜெர்ரி கான்வே. ஜோ பாய்ட் தயாரிப்பில், அந்த ஜூனில் ஐலண்ட் நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்டனில் முதல் 20 இடங்களுக்குள்ளும் வந்தது. 1971 ஜனவரியில் குழு கலைந்துவிட்டது. கேட்பவர்கள் ஒன்று ஃபேர்போர்ட் பக்கம் போனார்கள், இல்லையென்றால் சாண்டியின் தனி ஆல்பங்களுக்குப் போனார்கள். நடுவில் இருந்த இது அப்படியே மறந்துபோனது. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

ஒருநாள் சமையல் வேலையில் கை ஈரமாக இருந்ததால் பாட்டை மாற்ற முடியவில்லை, முழுசாக ஓடியது. அன்றைக்குத்தான் வரிசை புரிந்தது. லூகஸ் முதன்மையாகப் பாடும் பாட்டு மூன்று. ஒவ்வொன்றும் முடிந்த கையோடு சாண்டியின் பாட்டு வருகிறது. தன் நாட்டுக் கொள்ளைக்காரன் நெட் கெல்லியின் கதையை லூகஸ் கனத்த குரலில் சொல்லி முடித்ததும், 'விண்டர் விண்ட்ஸ்' (குளிர்காலக் காற்று) இரண்டே நிமிஷத்துக்கு மெல்லிசாக வருகிறது. தள்ளிவிட்டுக் கேட்டால் அந்தக் குளிர் உறைக்காது.

கடைசிப் பாட்டு 'பேங்க்ஸ் ஆஃப் தி நைல்', எட்டு நிமிஷம். பழைய நாட்டுப்பாடல். எகிப்துக்குப் போருக்குக் கிளம்புகிற காதலனிடம், தலைமுடியை வெட்டிக்கொண்டு நானும் கூடவே வருகிறேன் என்று ஒரு பெண் கெஞ்சுகிறாள். சாண்டி எங்கேயும் கத்தவில்லை. ஒரு சொல்லை இழுத்து, மூச்சு தீருவதற்குக் கொஞ்சம் முன்னால் விட்டுவிடுகிறார். குரல் நின்று கிதார் போகும் இடத்தில் கான்வேயின் சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) அலை மாதிரி எழுந்து அடங்கும். இதை போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், சிம்பல் வெறும் இரைச்சலாகிவிடும். சாதாரண ஹெட்போன் போதும்.

குறை உண்டு. 'பீஸ் இன் தி எண்ட்' கூட்டுப்பாட்டு வருஷம் ஆக ஆகச் சலித்துவிட்டது. பாப் டிலன் எழுதிய 'டூ மச் ஆஃப் நத்திங்' இன்னும் பெரிதாக ஒட்டவில்லை. ஆனாலும் இப்போது அதைத் தாண்டுவதில்லை. அடுத்து வருவது நைல் பாட்டு.

பாதியில் நின்ற இரண்டாவது ஆல்பத்தை டோனஹ்யூ முடித்து 2008-இல் வெளியிட்டார். சாண்டி 31 வயதில், 1978-இலேயே இறந்துவிட்டார். அந்த இரண்டாவது ஆல்பத்தையும் வாங்கினேன், நன்றாகவே இருக்கிறது. அப்புறம் என்ன, இரண்டு தடவை கேட்டுவிட்டு இதையே திரும்ப எடுத்துப் போட்டேன்.