ஃபுஜி எக்ஸ்-டி30ல அக்ரோஸ் மோடு எப்படி இருக்கு?

செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஃபுஜிஃபிலிம் எக்ஸ்-டி30, 2019ல வந்த கேமரா பாடி, 26 மெகாபிக்சல். வாங்கினதே அந்த அக்ரோஸ் கருப்பு வெள்ளை மோடுக்காகத்தான். கலர்ல எடுத்துட்டு அப்புறம் லைட்ரூம் மாதிரி எடிட்டிங் சாஃப்ட்வேர்ல மாத்திக்கலாமே, இதுக்குப் போய் தனி மோடான்னு ஃப்ரெண்ட் கேட்டான், நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்.

ஆனா வியூஃபைண்டர்லயே கருப்பு வெள்ளையா தெரியும்போது கண்ணு வேற மாதிரி வேலை செய்யுதுங்க. காசிமேட்டுல காலைல போனா படகு, வலை, கூடைன்னு கலரே ஆளை இழுக்கும், இதுல அதெல்லாம் சாம்பலா போயிடுறதால வெளிச்சம் எங்க விழுதுன்னு மட்டும்தான் பாக்கத் தோணும். மஞ்சள், சிவப்பு, பச்சைன்னு ஃபில்டர் எஃபெக்டும் இருக்கு. சிவப்பு போட்டா நீல வானம் இருட்டாகி மேகம் தூக்கலா நிக்கும். முகத்துக்கு மட்டும் போடாதீங்க, உதடு வெளுத்து ஜுரத்துல கெடந்தவங்க மாதிரி ஆயிடுவாங்க.

ஒரு விஷயம், ஜேபெக் மட்டும் எடுத்தா கலர் போனது போனதுதான். தங்கச்சி வளைகாப்புல அப்படி எடுத்துட்டு, பட்டுப்புடவை கலர் எங்கடான்னு அம்மாகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. இப்பல்லாம் ரா (RAW) ஃபைலும் சேத்துதான், சென்சார் பதிவு பண்ணது அப்படியே அதுல இருக்கறதால கலரும் போகாது, கேமராவுக்குள்ளயே வேற ஃபில்டர் போட்டு திரும்ப ஜேபெக் எடுத்துக்கலாம்.

கம்ப்யூட்டர்ல மாத்தினா ஒவ்வொரு கலரையும் தனியா ஏத்தி இறக்கலாம், அந்த வசதி இதுல கிடையாது, ஆனா அங்க நீலத்தை ஓவரா இறக்கினா வானம் பூரா புள்ளி புள்ளியா நாய்ஸ். விசேஷம் எடுக்கறவங்க கலர்லயே எடுங்க, தெருத்தெருவா சுத்தறவங்க தாராளமா வாங்கலாம், எக்ஸ்ட்ரா பேட்டரி ஒண்ணு வெச்சுக்கோங்க.