சென்னையின் எஃப்சி: வெளிநாட்டு நட்சத்திரமா, அனுபவ இந்தியரா, இளம் பையன்களா?

இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தின் 2024-25 சீசனில் நம் சென்னையின் எஃப்சி பிடித்த இடம் 11. மொத்தம் 13 அணிகள். 24 ஆட்டத்தில் 7 வெற்றி, 27 புள்ளி. நமக்குக் கீழே இருந்தவை ஹைதராபாத், கொல்கத்தாவின் முகமதன் இரண்டும்தான். அந்த முகமதன் சீசன் முழுக்க ஜெயித்ததே இரண்டு ஆட்டம். அதில் ஒன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில், நம் முதல் ஹோம் மேட்சில். ஒடிசாவை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்றுவிட்டு வந்த அணி, லீக்குக்கே புதிதாக வந்தவர்களிடம் 0-1 என்று தோற்றது. அணியின் குணம் அந்த இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

இப்படி ஒரு சீசன் முடிந்தால் ரசிகர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். நல்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவா என்பது ஒரு கட்சி. மற்ற கிளப்களில் கோப்பை தூக்கிப் பழகிய இந்திய சீனியர்களை வாங்கு என்பது இரண்டாவது. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களை இறக்கி இரண்டு மூன்று சீசன் பொறுத்துக்கொள் என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி. அதை மறைப்பதற்கில்லை, ஜெர்சியின் முதுகிலேயே அச்சாகியிருக்கிறது. பெயர் போட்டுக்கொள்ளும்போது கோல் அடிக்கும் வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் விட்டுவிட்டு 'தாபா' என்று போட்டுக்கொண்டவன் நான். அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போய்விட்டார், சரி. ஆனால் 2016-ல் பதினெட்டு வயதில் வந்தவர், ஏழு வருடம் இருந்து கேப்டனாகவும் ஆன பிறகுதான் போனார். இந்தக் கிளப்பில் எந்த வெளிநாட்டு வீரரின் பெயரைப் போட்டிருந்தாலும் அவ்வளவு நாள் தாங்கியிருக்காது.

முதல் கட்சியின் வாதத்தில் உண்மை நிறைய இருக்கிறது. கிளப்பின் இரண்டு கோப்பைகளிலும் வெளிநாட்டுக் கால்களின் தடம் அழுத்தமாகவே உண்டு. 2015-ல் ஸ்டீவன் மெண்டோசா 13 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நேரத்தில் விழுந்த வெற்றி கோலும் அவருடையதே. 2018 இறுதியில் பெங்களூருவை அவர்கள் மைதானத்தில் 3-2 என்று சாய்த்தபோது மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 2019-20-ல் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல். இதையெல்லாம் நேரில் பார்த்த யாரும் வெளிநாட்டு வீரர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சீசன் முடிந்த மறுநாள் கையில் என்ன மிஞ்சுகிறது?

கிளப்பின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பாருங்கள். 2015 சாம்பியன். மெண்டோசா, எலானோ எல்லாம் கிளம்பினார்கள், 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது. 2018 சாம்பியன், அடுத்த சீசன் பத்து அணிகளில் பத்தாவது. 18 ஆட்டத்தில் 9 புள்ளி. 2020-ல் இறுதி வரை போய் ஏடிகே-யிடம் தோற்றோம். அந்த அணியைப் பாதியில் வந்து தூக்கி நிறுத்திய கோச் ஓவன் கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். இரண்டு வருடத்தில் கோயலின் ஜாம்ஷெட்பூர், புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான லீக் ஷீல்டை வென்றது. நாம் எட்டாவது, மறுபடி எட்டாவது, அதற்கடுத்தும் எட்டாவது. மூன்று சீசன், மூன்று வேறு பயிற்சியாளர்கள், ஒரே இடம்.

இதில் துரதிர்ஷ்டத்தைவிட ஒப்பந்த முறைக்குத்தான் பங்கு அதிகம். இங்கே வரும் வெளிநாட்டு வீரர்களில் பெரும்பாலோர் ஒரு சீசன், மிஞ்சிப்போனால் இரண்டு சீசனுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள். முப்பதைத் தாண்டியவர்கள் அதிகம். நன்றாக ஆடினால் அதிகச் சம்பளம் தருகிற கிளப் தூக்கிக்கொண்டு போகும், மோசமாக ஆடினால் நாமே அனுப்பிவிடுவோம். எப்படிப் பார்த்தாலும் அடுத்த ஜூன் மாதம் அந்த இடம் காலி. வாங்கிய கிளப்புக்கு, வீரரை விற்ற தொகையாக (டிரான்ஸ்ஃபர் ஃபீ) ஒரு ரூபாய் திரும்பி வருவதும் அபூர்வம். வாடகை வீட்டுக்குச் சொந்தக் காசில் மார்பிள் போடுகிற கதைதான். இருக்கும் வரை பளபளப்பு, காலி செய்யும்போது வெறும் கை.

விதியும் இன்னொரு பக்கம் இறுக்கிக்கொண்டே வந்தது. ஐஎஸ்எல்லின் முதல் மூன்று சீசன்களில் களத்தில் ஆறு வெளிநாட்டு வீரர்கள் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்தானது, 2021-22-ல் நான்கு. அதாவது மெண்டோசாவின் காலத்தில் ஐந்து இந்தியர்கள் போதும், இப்போது ஏழு பேர் வேண்டும். பதினொரு பேரில் ஏழு பேரின் தரம் சுமாராக இருக்கும்போது மேலே இருக்கும் நான்கு பேரில் ஒருவரை மாற்றுவதால் எவ்வளவு மாறிவிடும்? 2024-25-லேயே பார்த்தோமே. கானர் ஷீல்ட்ஸ் மொத்த லீக்கிலும் அதிக அசிஸ்ட் (கோலுக்கு வழிசெய்யும் பாஸ்) கொடுத்தவர்களின் வரிசையில் இருந்தார், வில்மர் ஜோர்டன் கோல் அடித்தார், ரையன் எட்வர்ட்ஸ் பின்னால் நின்றார். வந்த இடம் 11.

இரண்டாவது கட்சியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அவர்கள் கேட்பதும் நியாயம்தான்: பதற்றமில்லாத, ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பந்தை எங்கே உதைக்க வேண்டும் என்று தெரிந்த ஆட்கள். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். 2025 ஜனவரியில் பிகாஷ் யும்னாமைக் கொச்சியின் கேரளா பிளாஸ்டர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ப்ரீதம் கோடலை வாங்கினோம். பிகாஷுக்கு 21 வயது, ப்ரீதமுக்கு 31. ப்ரீதம் கோடல் வென்ற கோப்பைகளை யாரும் குறை சொல்ல முடியாது, வந்த வேகத்தில் தற்காப்பைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தவும் செய்தார். ஆனாலும் பிளேஆஃப் கைநழுவிக்கொண்டிருந்த ஒரு சீசனின் நடுவில், பத்து வருடம் ஆடக்கூடிய சென்டர்-பேக்கை (நடுத் தற்காப்பு ஆட்டக்காரரை) கொடுத்து இரண்டு மூன்று வருடம் ஆடக்கூடியவரை வாங்குவது எந்தக் கணக்கு? அதுவும் எதிரி ஊர்க்காரர்களுக்கு! தென்னிந்தியப் போட்டி அணிகள் மோதும் தெற்கு டெர்பியில் அந்தப் பையன் நமக்கு எதிராக நிற்கும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

சரி, என் கட்சிக்கு வருகிறேன்.

இந்தக் கிளப்பின் நல்ல நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது 2018 அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். எதிரே கோவா. 3-0. ஸ்ட்ரைக்கர் ஜெஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. கணேஷ் வியாசர்பாடிக்காரர். பெங்களூரு இறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இறுதிக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போன மூன்று கோலும் இந்தியர்கள் அடித்தவை என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த அணியில் தாபா இருந்தார், 2016-ல் சிறந்த வளரும் வீரர் விருது வாங்கிய ஜெர்ரி லால்ரின்சுவாலா இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். இவர்கள் யாரும் அந்த வருடம் புதிதாக வாங்கப்பட்டவர்கள் இல்லை. ஜெஜே 2014-லிருந்தே இங்கே. ஜெர்ரியும் தாபாவும் டீன் ஏஜில் வந்து, ஏழாவது இடம் பிடித்த 2016 சீசனில் அடி வாங்கிப் பழகியவர்கள். மோசமான ஒரு சீசனில் விதைத்ததை நல்ல சீசனில் அறுத்தோம். இந்தக் கிளப் வேண்டுமென்று செய்ததோ, தற்செயலோ, இந்த வழி நமக்கு ஒருமுறை பலித்திருக்கிறது.

பலிக்காததற்கும் காரணம் உண்டு: கையில் இருந்ததை விட்டது. லல்லியன்சுவாலா சாங்தே 2019-ல் நம்மிடம் வந்தார், 2020 இறுதி வரை போன அணியில் அவர் பங்கு பெரியது. அப்புறம் ஃபார்ம் ஏறி இறங்கியது, வாய்ப்புகளை வீணடிக்கிறார் என்று கேலரியே முணுமுணுத்தது. 2022 ஜனவரியில் மும்பைக்குப் போனார். அடுத்த முழு சீசனிலேயே ஐஎஸ்எல்லின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கினார். நம் ஊர்ப் பையன்களின் கதை இன்னும் கசப்பு. கண்டனூர் சிவசக்தி நாராயணன் பெங்களூருக்கு ஆடி அதே 2022-23-ல் சிறந்த வளரும் வீரர் ஆனார். சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் ஒடிசாவில் பெயர் வாங்கி, ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், 2023 டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்துக் கொல்கத்தாவைக் கொண்டாட வைத்தார். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரில் மின்னினார். வியாசர்பாடியும் குமரிக் கடலோரமும் ஆட்களைத் தந்துகொண்டேதான் இருக்கின்றன. எடுத்துக்கொள்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.

இளம் இந்திய வீரரை மூன்று, நான்கு வருட ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். நன்றாக வந்தால் நமக்கே ஆடுவார். பெரிய கிளப் கேட்டால் விலை பேசலாம், அந்தக் காசில் இன்னும் இருவரை எடுக்கலாம். சுமாராகப் போனாலும் பெஞ்சில் உட்கார வைக்க ஒரு ஆள் மிச்சம். இந்திய வீரர்களின் சந்தை சிறியது, ஓரளவு நன்றாக ஆடுகிற இடது பேக்குக்கே கிளப்கள் அடித்துக்கொள்ளும். ஆகவே வளர்த்தவர் கையில்தான் பேரம் பேசும் பலம் இருக்கும். ஐஎஸ்எல்லில் 2024-25 வரை கீழே இறங்கும் முறையும் இல்லை. கடைசி இடம் வந்த முகமதனுக்குக்கூடத் தோல்வியால் டிவிஷன் பறிபோகவில்லை. பரிசோதனைக்கு இவ்வளவு மலிவான லீக் வேறு எங்கே இருந்தது? அந்தச் சலுகையை வைத்துக்கொண்டும் முப்பது வயதுக்காரர்களைக் கொண்டு எட்டாவது இடத்துக்குப் போராடியதுதான் எனக்கு ஆறாத கோபம்.

என் வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. 2018-19-ல் பத்தாவதாக வந்த அணியில் சாம்பியன் அணியின் இந்திய வீரர்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருந்தார்கள். கணேஷ் காயத்தில் வெளியே, ஜெஜே கோலுக்குத் திண்டாடினார். ஆட்கள் மிஞ்சியும் அணி மிஞ்சவில்லை. ஆக, தொடர்ச்சி மட்டும் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே 2018-19-ல் இன்னொரு தமிழக அணி, சென்னை சிட்டி, கோவையை ஹோம் கிரவுண்டாக வைத்துக்கொண்டு ஐ-லீக் சாம்பியன் ஆனது. பெத்ரோ மான்ஸி, நெஸ்டர் என்று நாலைந்து ஸ்பானியர்கள், அவர்களைச் சுற்றி நெய்வேலிக்காரர் எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற உள்ளூர்ப் பையன்கள். அழகான கலவை. ஆனால் அதை உதாரணமாக நீட்டும்போது அந்தக் கிளப்பே பிறகு நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்வின் மறு சீசனே நம்மிடம் வந்தார், அது நமக்கு லாபம்.

ஸ்ட்ரைக்கர் விஷயத்தில் என் கட்சியை நானே முழுசாக நம்பமாட்டேன். ஏறக்குறைய எல்லா ஐஎஸ்எல் கிளப்பும் முன்னால் வெளிநாட்டுக்காரரைத்தான் நிறுத்துகிறது, இந்திய நம்பர் 9-க்கு (நடு ஸ்ட்ரைக்கருக்கு) ஆட நிமிடமே கிடைப்பதில்லை. 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், தேசிய அணிக்குத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. இந்த நிலையில் இர்ஃபான் யத்வாட் போன்ற ஒருவரை ஒரே ஸ்ட்ரைக்கராக நிறுத்து என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. வெளிநாட்டுக்காரருக்குப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ ஆட வைத்து, ஆட்டத்துக்கு முப்பது நிமிடமாவது தரலாம். பயிற்சி மைதானத்தில் யார் எப்படி என்பது கோச்சுக்குத்தான் வெளிச்சம். கேலரியிலிருந்து பார்க்கிறவனுக்கு சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் தெரியும்.

ஆகவே களத்தில் அனுமதிக்கப்பட்ட நான்கு வெளிநாட்டு இடங்களை இப்படிப் பிரிப்பேன்: ஒரு சென்டர்-பேக், ஒரு தற்காப்பு மிட்ஃபீல்டர், ஷீல்ட்ஸ் மாதிரி பந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர், ஒரு ஸ்ட்ரைக்கர். நான்குமே பக்கவாட்டில் இல்லாமல் களத்தின் நடுவில். இரண்டு பக்கவாட்டும், இரண்டாவது சென்டர்-பேக்கும், இன்னொரு மிட்ஃபீல்டரும் 23 வயதுக்குக் கீழே. அந்தச் சென்டர்-பேக் இடத்துக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார், கொச்சிக்கு அனுப்பிவிட்டோம். அதனால் முதல் செலவு அங்கேதான். கோல்கீப்பர் மட்டும் விதிவிலக்கு. அங்கே பையன்களை நம்பிச் சில ஆட்டங்களைத் தொலைத்தாயிற்று, முப்பதைத் தாண்டிய ஒரு இந்திய கீப்பரை இரண்டு வருடத்துக்கு வாங்கிப் போட்டால் இரண்டாவது கட்சிக்காரர்களோடு சேர்ந்து நானும் கைதட்டுவேன்.