7 ஆண்டு அப்டேட், 1 ஆண்டு வாரண்டி: சாம்சங் திரையில் பச்சைக் கோடு விழுந்தால்

கையில் இருப்பது கேலக்ஸி எஸ்20, எஸ்21, எஸ்22 அல்லது நோட் 20 என்றால், சாஃப்ட்வேர் அப்டேட் ஏதாவது வந்தால், அதை அழுத்தும் முன் இதைப் படித்துவிடுங்கள். அப்டேட் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. போட்ட பிறகு திரையில் கோடு விழுந்தால் செலவு யார் தலையில் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

இரவு அப்டேட் ஓடுகிறது. போன் அணைந்து எழுகிறது. மேலிருந்து கீழ்வரை முடி அளவுக்கு ஒரு பச்சைக் கோடு. சிலருக்கு இளஞ்சிவப்பு. சில நாளில் ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. சில போன்களில் திரை முழுக்கவே பச்சையாகவோ வெள்ளையாகவோ போய்விடுகிறது. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனால், வாரண்டி 1 வருடம், அது முடிந்துவிட்டது, திரைக்குப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். இந்தியாவில் எத்தனையோ பேர் இதே வரிசையில் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள்.

கோடு ஏன் பச்சை? அமோலெட் திரையில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கீழே இருக்கும் டிரைவர் சிப்பிலிருந்து ஓர் இழை வழியாக சிக்னல் போகிறது. சாம்சங் திரைகளில் பச்சைப் புள்ளிகளுக்குத் தனி நெடுவரிசை உண்டு; சிவப்பும் நீலமும் ஒரே நெடுவரிசையில் மாறிமாறி உட்கார்ந்திருக்கும். பச்சையின் இழை கெட்டால் பச்சைக் கோடு, மற்றது கெட்டால் இளஞ்சிவப்பு அல்லது ஊதா. ஆகவே நிறம் வேறாக இருந்தாலும் நோய் ஒன்றுதான்: இழையிலோ, அது ஃபிளெக்ஸோடு (திரையை போனின் போர்டோடு இணைக்கும் வளையும் பட்டை) ஒட்டும் இடத்திலோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது.

அப்படியானால் அப்டேட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பழுது பார்ப்பவர்கள் சொல்லும் விளக்கம் சூடு. பெரிய அப்டேட் முடிந்ததும் போன் எல்லா ஆப்களையும் திரும்ப ஒழுங்குபடுத்துகிறது. ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், பிராசசர் முழு வேகத்தில் ஓடுகிறது. ஏற்கெனவே தளர்ந்திருந்த ஒட்டு அந்தச் சூட்டில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. அதாவது அப்டேட் கோட்டை உண்டாக்கவில்லை, உள்ளே இருந்த குறையை வெளியே கொண்டுவந்தது. இந்த வித்தியாசம் முக்கியம். ‘சாஃப்ட்வேர் மாத்திப் போட்டா கோடு போயிடும்’ என்று யாராவது கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். சாஃப்ட்வேரால் இழை ஒட்டாது. பழைய பதிப்புக்குத் திரும்புவதையும் பெரும்பாலும் சாம்சங்கின் பூட்லோடர், அதாவது போனை எழுப்பும் முதல் நிரல், அனுமதிக்காது.

2024இல் சாம்சங் இந்தியாவில் ஒரு சலுகை கொடுத்தது: எஸ்20, நோட் 20, எஸ்21 வரிசைகளுக்கும் எஸ்22 அல்ட்ராவுக்கும் ஒரே ஒருமுறை இலவசத் திரை மாற்றம். கேட்க நன்றாக இருக்கிறது. நிபந்தனையைப் பாருங்கள்: வாங்கி 3 வருடத்துக்குள் இருக்க வேண்டும், அடிபட்ட அடையாளமோ தண்ணீர் போன அடையாளமோ இருக்கக் கூடாது. எஸ்20 சந்தைக்கு வந்தது 2020 மார்ச்சில். வந்த உடனே முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்த 3 வருடம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. விலை குறையும்வரை காத்திருந்து வாங்கியவர் உள்ளே, முதல் நாள் வாங்கியவர் வெளியே! அதற்கும் கெடு வைத்தார்கள், பிறகு நீட்டித்தார்கள். செய்தி காதில் விழாதவர்கள் அதற்குள் காசு கட்டி மாற்றிவிட்டிருந்தார்கள். இதே கோட்டுப் பிரச்சினையில் மாட்டிய ஒன்பிளஸ், இந்தியாவில் தன் எல்லா மாடல்களுக்கும் பச்சைக் கோட்டுக்கு வாழ்நாள் வாரண்டி என்று அறிவித்தது. மனம் வைத்தால் முடியும் என்று தெரிகிறது.

எஸ்24 வெளியானபோது, 2024 ஜனவரியில், 7 வருடம் ஆண்ட்ராய்டு அப்டேட் தருவதாக சாம்சங் சொன்னது. நல்ல விஷயம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அப்டேட் ஓடவேண்டிய திரைக்கும் மதர்போர்டுக்கும் வாரண்டி அதே 1 வருடம்தான். இடையில் கிடக்கும் 6 வருடத்தை யார் சுமப்பது? இந்த நிறுவனம் வாடிக்கையாளரிடம் தடம் மாறியிருக்கிறது என்றால் இங்கேதான். விற்கும்போது வாக்கு நீளுகிறது, பழுதாகும்போது சுருங்குகிறது.

குறையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முன்னுதாரணமும் இந்த நிறுவனத்துக்கு உண்டு. 2016இல் நோட் 7 தீப்பிடித்தபோது சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரிந்தபோது மாடலையே நிறுத்தினார்கள், 2017 ஜனவரியில் இரண்டு பேட்டரிகளிலும் என்ன குறை என்று மேடை போட்டு விளக்கினார்கள். உயிருக்கே ஆபத்து என்பதால் வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லலாம், ஆனாலும் விளக்கினார்கள். பச்சைக் கோட்டுக்கு அப்படி ஒரு மேடை விளக்கம் வரவில்லை.

2022 தொடக்கத்தில் நடந்தது வேறு கதை. கேம் ஆப்டிமைசிங் சர்வீஸ் என்று போனுக்குள்ளேயே இருந்த ஒரு செயலி, ஆயிரக்கணக்கான ஆப்களின் வேகத்தைக் குறைத்தது வெளியே வந்தது. வேகம் அளக்கும் ஆப்களை மட்டும் அது தொடவில்லை. அளக்கும் ஆப்புக்கு ஒரு விளையாட்டின் பெயரைச் சூட்டி ஓடவிட்டார்கள். மதிப்பெண் சரிந்தது, குட்டு உடைந்தது. வேகம் அளக்கும் ஆப்களில் ஒன்றான கீக்பெஞ்ச், எஸ்10 முதல் எஸ்22 வரையிலான எஸ் வரிசைப் போன்களைத் தன் பட்டியலிலிருந்தே நீக்கியது. அந்த மார்ச்சில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் சாம்சங் மன்னிப்புக் கேட்டது. அதே வருடம் ஜூனில், வேறொரு விஷயத்துக்காக, ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்துவதுபோல விளம்பரம். ஆனால் ஈரம் காயாமல் சார்ஜ் போட்டால் எஸ்7, எஸ்8 உள்ளிட்ட 7 மாடல்களில் சார்ஜிங் போர்ட் அரித்துப்போகும் அபாயம். ஐபி68 என்று பெட்டியில் இருப்பது நல்ல தண்ணீரில் 1.5 மீட்டர் ஆழம், 30 நிமிடம் என்ற சோதனைக் கணக்கு. மெரினா அலைக்கு அது பொருந்தாது. தண்ணீர் புகுந்து கெட்டால் வாரண்டியும் கிடையாது.

சரி, கோடு விழுந்துவிட்டது. முதல் அரைமணி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பேக்கப். கோடு நிற்காது, பெருகும். திரை முழுதும் போனால் பேட்டர்ன் போடக்கூட வழியிருக்காது. சாம்சங்கின் பேக்கப் ஆப்பான ஸ்மார்ட் ஸ்விட்ச் வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப்பைத் தனியாகப் பாருங்கள். யூபிஐ ஆப்கள் சிம்மோடு கட்டப்பட்டவை என்பதால், போன் சர்வீஸில் கிடக்கும் நாட்களுக்கு சிம் போட இன்னொரு போன் தயாராக இருக்கட்டும். திரை ஏற்கெனவே இருண்டுவிட்டது என்றால், எஸ், நோட் வரிசைகளில் டைப்-சி வழியாக எச்டிஎம்ஐ கேபிள் போட்டு டிவியில் பார்க்கலாம். ஏ, எம் வரிசைகளில் பெரும்பாலும் இது வேலை செய்யாது. போனின் சார்ஜிங் போர்ட்டில் மாட்டும் ஓடிஜி ஹப்பில் ஒரு கீபோர்டைச் செருகினால் பின் நம்பரைக் கண்ணை மூடிக்கொண்டே அடித்துத் திறக்கலாம்.

அடுத்தது சாட்சி சேர்ப்பது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அதில் கோடு தெரியாது. குறை திரை வன்பொருளில் என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. டயலரில் *#0*# அடித்து சிவப்பு, பச்சை, நீலத் திரைகளில் கோடு எப்படித் தெரிகிறது என்று இன்னொரு போனால் வீடியோ எடுங்கள். அதே வீடியோவில் *#06# அடித்து ஐஎம்இஐ வரட்டும், போனின் நாலு மூலையையும் பின்பக்கத்தையும் சுற்றிக் காட்டுங்கள். சிம் ட்ரேயை எடுத்துவிட்டு அந்தத் துளைக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் காட்டும் ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால் தண்ணீர் போன கேஸ் என்றே எழுதுவார்கள்.

செட்டிங்ஸில் அபௌட் போன், அதில் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் போய் பில்ட் நம்பரையும் படம் எடுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தால் அதுவே ஒரு தேதிச் சான்று. கடைசி 5 எழுத்துகளை வலமிருந்து எண்ணுங்கள். முதலாவது அந்த மாதத்தின் எத்தனையாவது வெளியீடு, இரண்டாவது மாதம், மூன்றாவது வருடம். மாதத்தில் ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி. வருடத்தில் டபிள்யூ 2023, எக்ஸ் 2024, ஒய் 2025. நாலாவது பெரிய பதிப்பின் வரிசை. ஐந்தாவது பூட்லோடர் நிலை, அது கூடினால் பின்னால் திரும்ப முடியாது. எந்த அப்டேட்டுக்குப் பிறகு கோடு வந்தது என்று வாயால் சொல்வதைவிட இந்த எண் பேசும்.

பிறகுதான் சர்வீஸ் சென்டர். போவதற்கு முன் டெம்பர்ட் கிளாஸை நீங்களே பிய்க்காதீர்கள், அதுவும் யூவி பசை வைத்து ஒட்டியதை. பிய்க்கும்போது விளிம்பில் ஒரு விரிசல் விட்டால் கோடு விழுந்த காரணமே அதுதான் என்று முடித்துவிடலாம். கிளாஸை அவர்களே உங்கள் கண் முன்னால் எடுக்கட்டும். போனைக் கொடுக்கும்போது பின் நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டாம். செட்டிங்ஸில் டிவைஸ் கேருக்குள் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது. போட்டால் போன் ரீஸ்டார்ட் ஆகி, படங்களும் மெசேஜ்களும் மறைந்த வெற்றுப் போனாகத் திறக்கும். டெக்னீஷியன் சோதிக்க அது போதும். திரும்ப வாங்கியதும் உங்கள் கைரேகையிலோ பின்னிலோ அதை முடித்துக்கொள்ளலாம்.

போனை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். ‘டிஸ்ப்ளேயில் கோடு, அடிபடவில்லை, திரவம் புகவில்லை’ என்று தெளிவாக இருக்க வேண்டும். மொட்டையாக ‘டிஸ்ப்ளே பிராப்ளம்’ என்று இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கு இலவச மாற்றம் இப்போது உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். இல்லை என்றால், இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். ‘மேல கேட்டுட்டு சொல்றோம் சார்’ என்பது பதில் ஆகாது.

காசு கட்டித்தான் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், விலையில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். சாம்சங்கின் உயர்விலை மாடல்களில் திரை பெரும்பாலும் ஃபிரேமோடு சேர்ந்த முழுத் தொகுப்பாக வரும், சிலவற்றில் பேட்டரியும் ஒட்டியே வரும். கோடு விழுந்தது திரையில், மாற்றுவது பாதி போன். பேட்டரியோடு ஒட்டிய திரைகளையும் உதிரி விலையையும் காரணமாகக் காட்டித்தான் பழுதுபார்ப்பு வழிகாட்டிகளும் உதிரிகளும் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனம், சாம்சங்கோடான கூட்டைக் கைவிடுவதாக 2024 மே மாதம் அறிவித்தது. பேட்டரி இல்லாத தொகுப்பு உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேட்டால், சில சமயம் உண்டு. மாற்றிய திரைக்கு எத்தனை நாள் வாரண்டி என்பதும் ரசீதில் ஏற வேண்டும்.

வெளிக் கடைகளில் பாண்டிங் மெஷினில் ஃபிளெக்ஸைச் சூடேற்றி மறுபடி ஒட்டித் தருகிறார்கள், லேசரால் கெட்ட இழையை அறுத்தும் விடுகிறார்கள். லேசர் வேலையில் பச்சைக் கோடு போய் அந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு நிற்கும். கை பழகியவர் செய்தால் போன் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆனால் ஒருமுறை வெளியே திறந்த போனுக்குப் பிறகு எந்தச் சலுகை அறிவித்தாலும் அது உங்களுக்கு வராது. கம்பெனியோடு முட்டிப் பார்த்து முடித்த பின்தான் இந்த வழி.

முட்டுவது எப்படி? முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல்: பில், ஜாப் ஷீட், வீடியோ, பில்ட் நம்பர், கேட்பது என்ன என்று இரண்டு வரி. பதில் சரியில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே பதிவு செய்தால் புகார் எண்ணோடு கம்பெனிக்கு நேராகப் போகும். பல பேருக்கு இந்தக் கட்டத்திலேயே பேச்சு மாறுகிறது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். கோடு விழுந்த தேதிக்குச் சான்று சேர்க்கச் சொன்னது இதற்கும்தான்.

இன்னும் கோடு விழாதவர்களுக்கு: பாதுகாப்பு அப்டேட்டைத் தவிர்ப்பது தவறு, வங்கி ஆப் வைத்திருக்கும் போனில் அது கதவைத் திறந்து வைப்பது மாதிரி. பேக்கப் எடுத்துவிட்டு, பேட்டரி பாதிக்கு மேல் இருக்க, கவரைக் கழற்றி, சார்ஜர் இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே வைத்துப் போடுங்கள். முடிந்ததும் ஒரு மணி நேரம் தொடாதீர்கள், விளையாட்டும் வீடியோவும் வேண்டாம். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்து அப்டேட் போடுபவர்களை என்ன சொல்வது!

2024 அக்டோபரில் ஸ்மார்ட்திங்ஸ் ஃபிரேம்வொர்க் என்ற பின்னணிச் செயலி ஒன்று தானாக அப்டேட் ஆகி, எஸ்10, நோட் 10 போன்ற பழைய போன்கள் சில திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே கிடந்தன. ஃபேக்டரி ரீசெட் செய்தவர்களுக்கு உள்ளே இருந்தது எல்லாம் போனது. அந்த அப்டேட்டை யாரும் அழுத்தவே இல்லை. ஆகவே பேக்கப் என்பது அப்டேட் நாளில் மட்டும் செய்கிற வேலை இல்லை.

ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்டில் எஸ்21, எஸ்22 வாங்கப் போகிறவர்கள் *#0*# சோதனையை அங்கேயே செய்யுங்கள். பிறகு போன் நன்றாகச் சூடாகும்வரை 10 நிமிடம் 4கே வீடியோ எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சாரில் உங்கள் விரலைப் புதிதாகப் பதிவு செய்து பாருங்கள். மட்ட விலை நகல் திரை போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே மாட்டும். ரகசியக் கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் திறக்கிறதா என்றும் பாருங்கள். திறக்க மறுத்தால் அந்த போனில் சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பான நாக்ஸ் உடைந்திருக்கிறது, யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகருங்கள்.