லட்லோவா, சிப்பிங் கேம்டனா?

இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் ஒரு பழைய சந்தை ஊரைப் பார்க்க ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதா? பலரும் திண்டாடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

போய்ச் சேர:
லட்லோ – ரயில் நிலையம் உண்டு, இறங்கி நடந்தே ஊருக்குள் போகலாம்.
கேம்டன் – ரயில் இல்லை. மோர்டன்-இன்-மார்ஷில் இறங்கி பஸ். திரும்பும் பஸ் நேரத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சந்தை:
லட்லோ – கோட்டை வாசலுக்கு எதிரே, திறந்த சதுக்கத்தில் இன்றும் வாரத்தில் பல நாள் கடை போடுகிறார்கள்.
கேம்டன் – 'சிப்பிங்' என்றாலே பழைய ஆங்கிலத்தில் சந்தைதான். ஆனால் 1627-இல் கட்டிய சந்தை மண்டபம் இப்போது பெரும்பாலும் பார்ப்பதற்குத்தான். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்ற இடம். தேய்ந்து மேடுபள்ளமான அந்தக் கல்தரையில் சற்று நின்று பாருங்கள்.

செலவு:
லட்லோ – கோட்டைக்கு டிக்கெட். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502-இல் இறந்தது இங்கேதான். கொடுக்கும் காசு வீணில்லை.
கேம்டன் – மண்டபம் இலவசம். காட்ஸ்வோல்ட்ஸ் என்ற பிரபல சுற்றுலாப் பகுதி என்பதால் அறை வாடகையில் பர்ஸ் இளைக்கும்.

தேன் நிறக் கல்வீடுகளும் படமெடுப்பதும்தான் ஆசை என்றால் கேம்டன். பாத் நகரம் வரை 102 மைல் நடைபாதை தொடங்குவதும் அங்கேதான். கார் இல்லாதவர்கள், சாப்பாட்டுப் பிரியர்கள், கோட்டையில் ஏறி இறங்கத் துடிக்கும் பிள்ளைகளோடு வருபவர்கள் லட்லோவுக்குப் போகலாம். என் ஓட்டும் அதற்கே.