4கே பெட்டி என்று நம்பி ₹14,800 இழந்தேன்: நட்சத்திரங்களையும் பார்வையாளர் கருத்துகளையும் நம்பி வட்டு வாங்குபவர்கள் கவனத்துக்கு

கடந்த சனிக்கிழமை இரவு, பதினான்காயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய திரைப்பட வட்டுப் பெட்டியைப் பிரித்து முதல் வட்டை வெளியே எடுத்த என் அண்ணன், அதை ப்ளேயரில் வைக்காமல் குழல் விளக்கின் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஆலையில் அச்சாகி வரும் வட்டின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் வெள்ளியாக மின்ன வேண்டும். எங்கள் கையில் இருந்ததோ கருத்த பழுப்பு நிறத்தில் இருந்தது. படம் பதியப்பட்ட பகுதி எங்கே முடிகிறது என்பதுகூட ஒரு வளையமாகத் தெரிந்தது. "இது யாரோ கம்ப்யூட்டர்ல ரைட் பண்ணின டிஸ்க்கும்மா" என்று அவர் சொன்னார். இன்று வியாழக்கிழமை. இந்த ஐந்து நாட்களில் நான் பேசாத ஆளில்லை, அனுப்பாத படமில்லை. பதினான்காயிரத்து எண்ணூறு ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. இன்னொருவர் இதே பக்கத்தில் இதே பெட்டியை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வாங்க நினைத்தது பீட்டர் ஜாக்சனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களும் அடங்கிய 4கே அல்ட்ரா எச்டி பெட்டி, அதாவது சாதாரண ப்ளூரேயைவிட நான்கு மடங்கு புள்ளிகளில் படம் தெரியும் வட்டுகள். பள்ளி நாட்களில் திருச்சியில் எங்கள் வீட்டில் முதல் பாகத்தை வாடகைக்கு எடுத்த விசிடியில்தான் பார்த்தோம். மூன்று மணி நேரப் படத்துக்கு மூன்று வட்டுகள். மோரியா சுரங்கத்துக்குள் எல்லோரும் சிக்கிக்கொண்ட இடத்தில் இரண்டாவது வட்டு முடிந்துவிடும், அண்ணன் எழுந்து மூன்றாவதை மாற்றும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அண்ணன் சென்ற விடுமுறையில் ஒரு 4கே ப்ளேயரைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். இந்த முறை அவர் வரும்போது மூன்று படங்களின், திரையரங்கில் காட்டாத காட்சிகளும் சேர்ந்த நீட்டிக்கப்பட்ட பதிப்பையும், பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதை, மூன்று இரவுகளில் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் பணம் சேர்த்தேன். அந்தப் பணம்தான் போயிருக்கிறது.

எது எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லாவிட்டால் நான் எப்படி ஏமாற்றப்பட்டேன் என்பது விளங்காது. இந்த மூன்று படங்களும் 2001, 2002, 2003 ஆம் ஆண்டுகளில் திரைக்கு வந்தன. நீட்டிக்கப்பட்ட பதிப்பு முதலில் டிவிடியாக வந்தது. 2011 ஆம் ஆண்டில் பதினைந்து வட்டுகள் கொண்ட, டிவிடியைவிடத் தெளிவான ப்ளூரே பெட்டியாக வந்தது. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் ஒன்பது வட்டுகள் கொண்ட 4கே பெட்டி வந்தது. திரையரங்கில் ஓடிய வடிவம் படத்துக்கு ஒரு வட்டு, நீட்டிக்கப்பட்ட வடிவம் படத்துக்கு இரண்டு வட்டு என ஒன்பது. 2011 ப்ளூரேயில் முதல் படத்தின் மீது ஒரு பச்சைச் சாயல் படிந்திருப்பதாகப் பார்வையாளர்கள் அப்போதே கொதித்தார்கள். பனிமலைக் காட்சியில் வெள்ளைப் பனியே பச்சையாகத் தெரியும். 4கே பதிப்பில் வண்ணம் முழுவதும் மறுபடி சரிசெய்யப்பட்டு, வண்ணத்தையும் வெளிச்சத்தையும் மேம்படுத்தும் டால்பி விஷனும், சுற்றிலும் மேலிருந்தும் கேட்கும் அட்மாஸ் ஒலியும் சேர்க்கப்பட்டன.

அந்த 4கே பதிப்பைப் பற்றியும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. பச்சை போய்விட்டது, ஆழ்ந்த இருட்டுக்குள்ளும் விவரம் தெரிகிறது, ஒலி நெஞ்சை அதிரவைக்கிறது என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். ஃபிலிமின் இயல்பான மணற்பொரி (படத்தில் தெரியும் நுண்புள்ளிகள்) அளவுக்கு மீறி அழிக்கப்பட்டதால் சில காட்சிகளில் முகங்கள் மெழுகு பூசியதுபோல் இருக்கின்றன என்றும், படங்கள் உருவான கதையைச் சொல்லும் நீண்ட ஆவணப்படங்கள் ஒன்றுகூட இந்தப் பெட்டியில் இல்லை என்றும் வருந்தியவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தையும் படித்து, எனக்கு ஆவணப்படங்கள் தேவையில்லை, படமும் ஒலியும் போதும் என்று முடிவு செய்த பிறகே நான் தேடத் தொடங்கினேன். யோசிக்காமல் வாங்கியவள் அல்ல நான் என்பதைச் சொல்லவே இத்தனையும் எழுதுகிறேன்.

நம் ஊர்க் கடைகளில் இத்தகைய வட்டுகள் இப்போது கண்ணில் படுவதே அரிது. எனவே பலரும் பயன்படுத்தும் ஒரு பெரிய இணைய விற்பனைத் தளத்தில் தேடினேன். வெளிநாட்டிலிருந்து தருவித்த பொருள் என்ற குறிப்புடன் ஒரு விற்பனையாளர் அந்தப் பெட்டியை ₹14,800க்குப் போட்டிருந்தார். நான்கரைக்கும் மேலே நட்சத்திரங்கள், நூற்றுக்கணக்கான கருத்துகள். என்னை விழவைத்தது அவற்றில் ஒன்று. மூன்றாம் படத்தில் மலைக்கு மலை தீப்பந்தம் ஏற்றி உதவி கேட்கும் காட்சியை ஒருவர் விரிவாக எழுதியிருந்தார்: ஒவ்வொரு தீயும் எழும்போது இசை எப்படிப் படிப்படியாக உயர்கிறது, பனிமுகடுகளின் விளிம்பு எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது, அந்த இடத்தில் தன் மகள் எப்படி எழுந்து நின்றுவிட்டாள் என்றெல்லாம். படத்தை இப்படி நேசிக்கும் ஒருவர் போலியான வட்டைப் பாராட்டியிருக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். முகம் தெரியாத அந்தப் பார்வையாளரை என் வீட்டு மனிதரைப்போல் நம்பினேன்.

அதற்குப் பிறகும் விற்பனையாளரிடம் கேள்விப் பகுதியில் அசலா என்று கேட்டேன். "100% ஒரிஜினல் மேடம், சீல்டு பீஸ்" என்று பத்தே நிமிடத்தில் பதில் வந்தது. யுபிஐ வழியாகப் பணம் செலுத்தினேன்.

இப்போது அதே பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படிக்கும்போது வயிறு எரிகிறது. அங்கே இருக்கும் கருத்துகளில் பெரும்பகுதி இந்தப் பெட்டியைப் பற்றியவையே அல்ல. டிவிடி, ப்ளூரே, 4கே என்று எல்லாப் பதிப்புகளுக்கும் எல்லா விற்பனையாளர்களுக்கும் வந்த கருத்துகளை ஒரே குவியலாகக் கொட்டி, ஒரே நட்சத்திரக் கணக்காகக் காட்டியிருக்கிறார்கள். பதினைந்து வட்டுகளும் அருமை என்கிறார் ஒருவர். இந்தப் பெட்டியில் இருப்பது ஒன்பது. ஆவணப்படங்களைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்கிறார் இன்னொருவர். இதில் ஆவணப்படமே கிடையாது. 2012 ஆம் ஆண்டு என்று தேதியிட்ட ஒரு கருத்து, 2020 இல் வெளிவந்த பொருளின் கீழே நிற்கிறது. பாதிப் பேர் வட்டைப் பற்றிப் பேசவே இல்லை, கதையைப் புகழ்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். தீப்பந்தக் காட்சியைப் பற்றிய அந்தக் கருத்தும், ஒரு சொல் மாறாமல், வேறொரு விற்பனையாளரின் பழைய ப்ளூரே பக்கத்தில் இருக்கிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் நேசித்துச் சொன்ன சொற்களை எடுத்து ஒரு போலிப் பெட்டிக்கு மேலுறையாகப் போர்த்திவிட்டார்கள். அவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

வட்டுக்கு வருகிறேன். நிறத்தைப் பார்த்த பிறகும், ஒருவேளை நாம்தான் தவறாக நினைக்கிறோமோ என்று ப்ளேயரில் போட்டோம். தொலைக்காட்சியின் மூலையில் டால்பி விஷன் என்ற குறி வரவே இல்லை. தகவல் திரையைத் திறந்தால் 3840க்கு 2160 இருக்க வேண்டிய இடத்தில் 1920க்கு 1080 என்று இருந்தது, அதாவது கால் பங்கு புள்ளிகள். ஒலியும் அட்மாஸ் அல்ல, சாதாரண 5.1 மட்டுமே. பனிமலைக் காட்சி வந்தபோது பனி பச்சையாக இருந்தது. 2011 ப்ளூரேயை நகலெடுத்து, 4கே என்று அச்சிட்ட தாளை மேலே ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வட்டின் நடு வளையத்தில் படத்தைக் குறிக்கும் எண் எதுவும் இல்லை. வெற்று வட்டுக்குரிய வரிசை எண் மட்டுமே இருந்தது. மூன்றாம் படத்தின் இரண்டாவது வட்டு ஓடவே இல்லை. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு வட்டாக எடுத்துத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஞாயிறு காலை விற்பனையாளருக்கு எழுதினேன், படங்களும் அனுப்பினேன். "டிவி செட்டிங்ஸ் மாத்திப் பாருங்க மேடம்" என்று வந்தது. மாற்றுவதற்கு எதுவுமில்லை, வட்டே போலி என்று எழுதினேன். அதன் பிறகு பதிலே இல்லை. தளத்தின் உதவி உரையாடலில் முதலில் ஓர் இயந்திரம் பேசியது. பிறகு வந்த மனிதர், உறை பிரிக்கப்பட்ட வட்டுகளைத் திரும்பப் பெற முடியாது என்றார். உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது போலி என்று ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது" என்று எழுதிவிட்டு உரையாடலை முடித்துக்கொண்டார். திங்களன்று தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்து ஒரு மேலாளரைப் பிடித்தேன். அவர் சொன்ன பதிலை என்னால் மறக்க முடியாது: "மேடம், அந்தப் பொருளுக்கு நாலரை ஸ்டார் ரேட்டிங் இருக்கு. மற்ற கஸ்டமர்ஸ் எல்லாரும் திருப்தியா இருக்காங்க." எந்தக் குவியலைக் காட்டி என்னை வாங்க வைத்தார்களோ, அதே குவியலைக் காட்டி என் வாயை அடைக்கிறார்கள். அந்தக் கருத்துகள் வேறு பதிப்புகளுக்கு வந்தவை என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். தொழில்நுட்பக் குழுவுக்குத் தெரிவிக்கிறேன் என்றார். செவ்வாயன்று என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது. உடன் இருநூறு ரூபாய்க்கு ஒரு கூப்பன். பதினான்காயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு இருநூறு ரூபாய்!

புதன்கிழமை அந்தப் பக்கத்திலேயே என் கருத்தைப் பதிந்தேன். ஒரு நட்சத்திரம் கொடுத்து, வட்டின் அடிப்பக்கப் படத்தையும் தகவல் திரையின் படத்தையும் சேர்த்து, வசைச்சொல் ஒன்றுகூட இல்லாமல், இங்கே எழுதியிருப்பதைப்போல்தான் எழுதினேன். நான்கு மணி நேரத்தில் அது நிராகரிக்கப்பட்டது. கருத்துகள் பொருளைப் பற்றி இருக்க வேண்டுமாம், விற்பனையாளரைப் பற்றி இருக்கக் கூடாதாம். வேறு ஒரு பொருளைப் பற்றிய நூற்றுக்கணக்கான கருத்துகள் அங்கே நிற்கலாம். அந்தப் பெட்டியையே வாங்கி, பிரித்து, பார்த்தவளின் கருத்துக்கு மட்டும் இடமில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சில எச்சரிக்கைகளை அவசரமாகவேனும் சொல்லிவிடுகிறேன். கருத்துகளைப் படிக்கும்போது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்ற குறிப்பையும் தேதியையும் பாருங்கள்; பதிப்பு வெளிவந்த ஆண்டுக்கு முந்தைய கருத்து ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த நட்சத்திரக் கணக்கை நம்பாதீர்கள். வட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து இறுதிவரை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. முடிந்தால் கடன் அட்டையில் பணம் செலுத்துங்கள், வங்கி வழியாக மறுப்புத் தெரிவிக்க அதில் வழி உண்டு. புகாரைப் பெற்றுக்கொண்டதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குக் கடமை விதிக்கின்றன. எனவே உதவி உரையாடலோடு நிற்காமல் அந்த அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணமே கிடையாது.

இன்று காலை 1915க்கு அழைத்துப் புகார் எண் பெற்றுவிட்டேன். குறைதீர் அலுவலருக்கும் பதினொரு படங்களுடன் கடிதம் போய்விட்டது. நாளை மறுநாள் அண்ணனுக்கு விமானம். போலி வட்டுகளை ஆதாரத்துக்காக எடுத்துக் கட்டி வைத்துவிட்டேன். நேற்று இரவு அண்ணன், "விடும்மா, அடுத்த லீவுக்கு நானே அங்கேயிருந்து வாங்கிட்டு வரேன்" என்றார். அடுத்த விடுமுறைக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.