கைமாற்றுக் காசு: பெரியப்பாவா, மத்தியஸ்த சபையா?

திருகோணமலையில் மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்த காசு திரும்பவில்லை என்றால் முதலில் பெரியப்பாவைத்தான் அனுப்புவோம். செலவில்லை, உறவும் முறியாது. ஆனால் "மீன் சீசன் முடியட்டும்" என்ற பதிலிலேயே வருடம் ஓடிவிடும். இலங்கைச் சட்டப்படி எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போட 3 வருடம்தான்.

அடுத்த வழி, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் மத்தியஸ்த சபை. அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை. வட்ஸ்அப் செய்தி, வங்கிச் சிட்டை எல்லாவற்றையும் காட்டிப் பேசலாம். சபையார் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். இருவரும் ஒத்துக்கொண்டால் எழுத்தில் போடுவார்கள். சரிவராவிட்டால் இணக்கமில்லை என்று சான்றிதழ் தருவார்கள், அதோடு நீதிமன்றம் போகலாம். (சபைக் கடிதத்தைப் பார்த்து மாமி கோபிப்பார், அது வேறு கதை.)

என்னைக் கேட்டால், பெரியப்பாவை ஒரு தடவைதான் அனுப்ப வேண்டும், பிறகு சபைதான். அவர் போகும்போதே "இவ்வளவு தர வேண்டும்" என்று திகதியோடு மச்சானிடம் கையெழுத்து வாங்கட்டும்.