குழந்தைக்குக் குடலிறக்கம்: திறந்த அறுவையா, லேப்ராஸ்கோபியா?

குழந்தை அழும்போது தொடையிடுக்கில் உருண்டையாகப் புடைத்து, தூங்கியதும் உள்ளே போய்விட்டால் அது பெரும்பாலும் குடலிறக்கம்தான். விரை இறங்கி வந்த வழி மூடிக்கொள்ளாமல் நிற்பதே காரணம். தானாகச் சரியாகாது, பெல்ட் கட்டுவது வீண். பெரியவர்களுக்குப் போல செயற்கை வலை வைக்கத் தேவையில்லை. அந்த வழியில் குடல் இறங்கும் பையின் கழுத்தை உள்ளே அடைத்துக் கட்டினால் போதும். எந்த முறையானாலும் வேலை இவ்வளவுதான். (தொப்புள் புடைப்பின் கணக்கே வேறு. நாலைந்து வயதுவரை பொறுக்கலாம்.)

திறந்த முறையில் இடுக்கு மடிப்பிலேயே 1.5 முதல் 2 செ.மீ. கீறல், தழும்பு ஜட்டிக்குள் மறைந்துவிடும். விந்துக்குழாயையும் விரைக்குப் போகும் ரத்தக்குழாய்களையும் பையிலிருந்து பிரிப்பதில்தான் நுணுக்கம். கைக்குழந்தைக்குப் பை ஈரக் காகிதம்போல் கிழியும். கிழிசல் டாக்டர் கண்ணில் படாமல் விட்டுப்போனால் குடலிறக்கம் திரும்பும். ரத்தக்குழாய் அடிபட்டால் விரை சுருங்கும். குறைமாதக் குழந்தைக்கு முதுகில் போடும் ஊசியிலேயே முடிக்கலாம் என்பது இதன் பெரிய பலம்.

லேப்ராஸ்கோபியில் தொப்புள் வழியே 3 அல்லது 5 மி.மீ. கேமரா. வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைப்பதால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். பையின் கழுத்தில் உள்ள வளையத்தைச் சுற்றிக் கரையாத நூலால் தைப்பார்கள். விந்துக்குழாய்மேல் தையல் தாண்டும் இடத்தில் இடைவெளி விட்டால் அங்கேயே திரும்ப வரும். மறுபக்கமும் கண்ணில் படுவது லாபம். ஆனால் திறந்திருக்கும் வழியெல்லாம் குடலிறக்கமாவதில்லை. அதையும் மூடத்தான் வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை.

பெண் குழந்தை, இருபக்கப் புடைப்பு, திறந்து செய்தபின் திரும்பி வந்தது: இவற்றுக்கு லேப்ராஸ்கோபியே எங்கள் தேர்வு. ஒருபக்கம் மட்டும் உள்ள பையனுக்குத் தழும்பை நினைத்து லேப்ராஸ்கோபிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதில் அர்த்தமில்லை. பெரும்பாலும் இரண்டிலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

இந்த அறுவைக்காக நீலகிரியிலிருந்து கோவைக்கு இறங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர் இருக்கிறாரா என்பது. குறைமாதத்தில் பிறந்த கைக்குழந்தைக்கு மயக்கத்துக்குப் பின் மூச்சு நிற்கக்கூடும். இரவு முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். ஊட்டிக் குளிரில் சளி, இருமல் பிடித்திருந்தால் தேதி சில வாரம் தள்ளிப்போகும். திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும் தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தணும். கூடலூரிலிருந்து விடியற்காலையில் பசியோடு கிளம்பி வளைவுகளில் வாந்தி எடுக்க வைப்பதைவிட, முந்தின நாளே இறங்கித் தங்குவது மேல்.

புடைப்பு கல்லாகி உள்ளே போகாமல், குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால் மலை இறங்கும்வரை பொறுக்கக் கூடாது. ஒரு வயதுக்குள் இந்த ஆபத்து மிக அதிகம். பால் கொடுக்காமல், வீட்டில் அமுக்கிப் பார்க்காமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். அங்கே மருந்து கொடுத்து மெல்ல உள்ளே தள்ளிவிட்டால், வீக்கம் வடிய 24 முதல் 48 மணி நேரம் விட்டுக் கோவையில் அறுவை செய்துகொள்ளலாம். நிறம் சிவந்தோ கறுத்தோ இருந்தால் தள்ளவே மாட்டார்கள், ஆம்புலன்ஸ்தான்.